டொமைன் பதிவில் உங்கள் வீட்டு முகவரியும் போன் நம்பரும்: பொதுவில் தெரியாமல் வைத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மருதமுனையில் வீட்டிலிருந்தபடியே கைத்தறிச் சேலை விற்கிறவர், பாசிக்குடாவில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிற குடும்பம், அக்கரைப்பற்றில் உயர்தர மாணவர்களுக்கான பாடக் குறிப்புகளை இணையத்தில் போடுகிற ஆசிரியர். இவர்களுக்கெல்லாம் வீடுதான் அலுவலகம். வீட்டு முகவரிதான் வியாபார முகவரி, சட்டைப் பையில் இருக்கும் போன்தான் வியாபாரப் போன். சொந்தப் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணையத்தளத்துக்கான முகவரிப் பெயர், வாங்கும்போது படிவம் பெயர், வீதி, ஊர், போன் நம்பர், மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இருப்பதை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். எழுதியது எங்கே போகிறது, யார் கண்ணில் படும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்த விவரங்களை மறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொய்ப் பெயரையும் இல்லாத முகவரியையும் எழுதுவது. மற்றது, உண்மையான விவரத்தைக் கொடுத்துவிட்டு அது பொதுவில் தெரியாதபடி ஏற்பாடு செய்வது. முதல் வழியில் போனால் டொமைனையே இழக்க நேரலாம். இந்த வழிகாட்டி முழுக்க இரண்டாவது வழியைப் பற்றியது: பதிவு உண்மையாக இருக்க வேண்டும், அது உங்கள் கையில் இருக்க வேண்டும், ஊருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

யாருக்கு என்ன தெரிகிறது

டொமைன் விற்கும் நிறுவனத்தை ரெஜிஸ்ட்ரார் என்பார்கள். கொம், நெட், ஓர்க் போன்ற பொதுப் பெயர்களை விற்கும் ரெஜிஸ்ட்ரார்கள் எல்லாம் 1998 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, டொமைன் பெயர்களுக்கான விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பின் ஒப்பந்தத்துக்குள் வருகிறார்கள். ஒரு டொமைன் யாருடையது என்று தேடிப் பார்க்கும் ஹூஇஸ் என்ற முறை அதைவிடப் பழையது, 1980களின் தொடக்கத்தில் வந்தது. அன்று இணையத்தில் இருந்தவர்கள் மிகச் சிலர். ஒருவரை ஒருவர் தொடர்புகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று பெயர், முகவரி, போன் எல்லாவற்றையும் திறந்து வைத்தார்கள். அந்தப் பழக்கம் பல ஆண்டுகள் அப்படியே தொடர்ந்தது.

திருப்பம் 2018 மே 25 இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. ஐகேன் அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே தற்காலிக விதி ஒன்றைக் கொண்டுவந்து, தனிப்பட்ட விவரங்களைப் பொதுப் பார்வையிலிருந்து எடுக்க வழிசெய்தது. பல ரெஜிஸ்ட்ரார்கள் ஐரோப்பியருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மறைத்தார்கள். மட்டக்களப்பில் இருக்கும் உங்களுக்கும் அந்தப் பலன் கிடைப்பது அதனால்தான். இலங்கைக்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரின் தேடல் பக்கத்தில் உங்கள் பெயர் மறைவதற்குக் காரணம் அது அல்ல.

மறைந்தது போக மிச்சம் இருப்பது எது? டொமைன் பெயர், ரெஜிஸ்ட்ராரின் பெயர், பதிவு செய்த திகதி, காலாவதியாகும் திகதி, நேம்சேர்வர்கள் (அந்தப் பெயருக்குரிய தளம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கணினிகள்), பூட்டு நிலை (டொமைனை வேறு இடத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறதா என்பது). இவை எப்போதும் தெரியும், தெரிவதால் கெடுதலும் இல்லை. ஆனால் உரிமையாளரின் நாடும் மாகாணமும் கூடத் தெரியும். இதைப் பலர் கவனிப்பதில்லை. படிவத்தில் மாகாணம் என்ற கட்டத்தில் கிழக்கு மாகாணம் என்று எழுதினால் கிழக்கு மாகாணம் என்று மட்டும் தெரியும். அந்தக் கட்டத்தில் யாராவது தங்கள் கிராமத்தின் பெயரையோ ஒழுங்கையின் பெயரையோ எழுதியிருந்தால், அதுவே உலகம் முழுவதற்கும் தெரியும். நிறுவனப் பெயர் என்ற கட்டமும் சில இடங்களில் வெளியே தெரியக்கூடியது.

இருப்பதைப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னர் உங்கள் பதிவு இப்போது எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிடுங்கள். போன் பிரவுசரில் லுக்கப் டொட் ஐகேன் டொட் ஓர்க் என்ற முகவரிக்குப் போய் டொமைன் பெயரைக் கொடுத்தால் போதும். பழைய ஹூஇஸுக்குப் பதிலாக ஆர்டிஏபி என்ற புதிய முறையில் அந்தப் பக்கம் தேடுகிறது. பொதுப் பெயர்களுக்குப் பழைய ஹூஇஸ் சேவையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜனவரி 28 உடன் முடிந்துவிட்டது.

வரும் பக்கத்தில் ரெஜிஸ்ட்ரன்ட் என்ற பகுதிக்கு இறங்குங்கள். டொமைனின் உரிமையாளர் என்று பொருள். அங்கே மூன்றில் ஒன்றைக் காண்பீர்கள். பெயரும் போனும் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரெடாக்டட்’ (மறைக்கப்பட்டது) என்று இருந்தால் ரெஜிஸ்ட்ரார் மறைத்து வைத்திருக்கிறார். முன்பின் தெரியாத வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருந்தால் பிரைவசி சேவை ஒன்று உங்களுக்கு முன்னால் நிற்கிறது. உங்கள் சொந்தப் பெயரோ வீட்டு முகவரியோ இருந்தால் இன்றைக்கே வேலை இருக்கிறது. பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒப்பிட உதவும்.

டொமைன் யாருடைய கையில் இருக்கிறது

பிரைவசி பொத்தானைத் தேடுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. நம் ஊரில் பெரும்பாலும் டொமைனை வாங்குவது உரிமையாளர் அல்ல. இணையத்தளம் செய்து தருகிற தம்பி தன் கணக்கிலேயே வாங்கிவிடுவார். அல்லது டொலரில் கட்ட அட்டை இல்லை என்று கனடாவில் இருக்கும் அண்ணாவிடமோ சுவிஸில் இருக்கும் மாமாவிடமோ சொல்லி வாங்கியிருப்போம். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தவரை, பதிவில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்பது அந்தப் பதிவில் இல்லை.

பிரைவசி இந்தச் சிக்கலை இன்னும் ஆழமாக்கும். பொதுப் பதிவில் எல்லாமே மறைந்திருப்பதால், உள்ளே எழுதியிருப்பது உங்கள் பெயரா வடிவமைத்தவரின் பெயரா என்று உங்களாலேயே வெளியிலிருந்து பார்க்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து அவர் வேறு வேலைக்குப் போன பிறகோ மத்திய கிழக்குக்குப் போன பிறகோதான் தெரியவரும்.

ஆகவே கணக்கு உங்கள் மின்னஞ்சலில் திறக்கப்பட்டதாக இருக்கட்டும். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். அட்டை யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, அண்ணா தன் அட்டையில் உங்கள் கணக்குக்குப் பணம் கட்டலாம். ஏற்கனவே வேறொருவர் கணக்கில் இருந்தால், அதே ரெஜிஸ்ட்ராரில் உங்களுக்கும் ஒரு கணக்கைத் திறந்து டொமைனை அங்கே மாற்றச் சொல்லுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் கணக்கு மாற்றுவது பெரும்பாலும் இலவசம், சில நிமிட வேலை. தளம் செய்தவரிடம் இதைக் கேட்பதை அவமரியாதையாக நினைக்க வேண்டாம். நேர்மையானவர் உடனே செய்து தருவார்.

உண்மையை எழுதுங்கள், சரியான கட்டத்தில்

கணக்கு கையில் வந்த பிறகு தொடர்பு விவரங்கள் இருக்கும் பகுதியைத் திறந்து நிதானமாக நிரப்புங்கள். வேலையில் முக்கியமான பகுதி இதுதான்.

பெயரில் நமக்கு ஒரு தடங்கல் உண்டு. தமிழர் ஆனாலும் முஸ்லிம்கள் ஆனாலும் முதலெழுத்துகளோடுதான் எழுதிப் பழகியிருக்கிறோம், படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக நிரப்பச் சொல்லும். தேசிய அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ இருக்கும் முழுப்பெயரைப் பிரித்து எழுதுங்கள். தகப்பனார் பெயரை ஒரு கட்டத்திலும் உங்கள் பெயரை மற்றதிலும் போடலாம். நாளைக்குக் கணக்கு பூட்டுப்பட்டால் அடையாள ஆவணம் கேட்பார்கள். அப்போது ஆவணத்தில் இருக்கும் பெயரும் படிவத்தில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். செல்லப் பெயர், கடைப் பெயர், பேஸ்புக் பெயர் எதுவும் இங்கே வேண்டாம்.

நிறுவனம் என்ற கட்டத்தில் யோசித்து எழுதுங்கள். அதில் ஒரு பெயரை எழுதினால், அந்த நிறுவனமே டொமைனின் உரிமையாளர் என்று எடுத்துக்கொள்ளப்படும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு எடுத்திருக்கிறீர்கள், ஆவணம் கையில் இருக்கிறது என்றால் எழுதலாம். இல்லாவிட்டால் வெறுமையாக விடுவதே நல்லது.

முகவரி, கடிதம் போட்டால் வந்து சேரும் முகவரியாக இருக்க வேண்டும். வீட்டு முகவரியைக் கொடுக்க மனம் வரவில்லை என்றால் கடை முகவரியையோ, சம்மதத்தோடு உறவினரின் அலுவலக முகவரியையோ கொடுக்கலாம். தபாலகத்தில் தபால் பெட்டி எடுத்திருப்பவர்கள், தங்கள் ரெஜிஸ்ட்ரார் அதை ஏற்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அஞ்சல் குறியீடு மட்டக்களப்பு நகருக்கு 30000, அம்பாறைக்கு 32000. மற்ற ஊர்களுக்கு உங்கள் தபாலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மாகாணத்துக்குக் கிழக்கு என்று மட்டும்.

போன் நம்பரை எழுதும்போது +94 போட்டு, முன்னால் இருக்கும் பூச்சியத்தை விட்டுவிடுங்கள். 065 இல் தொடங்கும் மட்டக்களப்பு இணைப்பு என்றால் 94 க்குப் பிறகு 65 வரும். கல்முனைப் பக்கம் 67, அம்பாறை 63. கைபேசி என்றால் நீங்கள் மாற்றாத நம்பரைக் கொடுங்கள். சலுகைக்காக வாங்கி ஆறு மாதத்தில் எறிகிற சிம் இதற்கு உதவாது.

மின்னஞ்சல்தான் எல்லாவற்றுக்கும் சாவி. டொமைனுக்குள்ளேயே இருக்கும் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றுபோனால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், மீட்பதற்கான கடிதம் வந்து சேர இடம் இருக்காது. ஜிமெயில் போன்ற இடத்தில் இதற்கென்றே தனியாக ஒரு முகவரியைத் திறந்து, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்பது) போட்டு, போனில் அதன் அறிவிப்புகள் வரும்படி வையுங்கள்.

அப்புறம் ஒரு கடமை உண்டு. புதிதாகப் பதிவு செய்தாலோ விவரங்களை மாற்றினாலோ, மின்னஞ்சலையோ போனையோ உறுதிப்படுத்தச் சொல்லி ரெஜிஸ்ட்ராரிடமிருந்து ஒரு கடிதம் வரும். 15 நாட்களுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் டொமைனை நிறுத்திவைக்கலாம். தளம் திடீரென்று திறக்கவில்லை என்றால் ஹோஸ்டிங் காரரை (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவைக்காரரை) கூப்பிடுவதற்கு முன் மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள்.

பிரைவசியைப் போடுவது

இப்போதுதான் பிரைவசி. கணக்கில் டொமைனைத் திறந்தால் அமைப்புகளுக்குள் பிரைவசி அல்லது ஹூஇஸ் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் முடிந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பொருள் அதற்கு இல்லை. கிளவுட்ஃபிளேர் என்ற ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கினால் உங்கள் விவரங்கள் தானாக வெறுமையாக்கப்படும், மாகாணமும் நாடும் மிஞ்சும். நேம்சீப்பில் பிரைவசி போட்டால் உங்களுக்குப் பதிலாக ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் இருக்கும் ஒரு சேவையின் முகவரி தெரியும், ஆகவே இலங்கை என்பதுகூட வெளியே தெரியாது. போர்க்பன்னும் பிரைவசிக்குக் காசு வாங்குவதில்லை. சிறு வியாபாரி ஒருவர் இதற்கென்று வருடா வருடம் டொலர் கட்டத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். கேட்கிறார்கள் என்றால் வேறு ரெஜிஸ்ட்ராரைப் பாருங்கள்.

மாகாணமும் நாடும் தெரிந்தால்கூட ஆபத்து உள்ளவர்களுக்கு, உதாரணமாக வன்முறையிலிருந்து விலகி வந்து தனியாக வாழும் பெண்ணுக்கோ, ஊர்ப் பிரச்சினைகளை எழுதும் செய்தித் தளத்துக்கோ, வெறுமையாக்கல் மட்டும் போதாது. முன்னால் வேறொருவர் நிற்கும் சேவையைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒருவகையில் உரிமையாளர் பெயர் உங்களுடையதாகவே தெரியும், முகவரியும் போனும் மட்டும் மாறும். மற்றதில் அந்தச் சேவையே உரிமையாளராகத் தெரியும், உள் ஒப்பந்தத்தில் நீங்கள் இருப்பீர்கள். பெயரும் தெரியக்கூடாது என்றால் இரண்டாவதுதான் வேண்டும். வாங்குவதற்கு முன் இதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

எல்லா டொமைன் முடிவுகளுக்கும் பிரைவசி கிடைக்காது. அமெரிக்காவின் யூஎஸ் முடிவுக்கு அது அனுமதிக்கப்படுவதில்லை. நம் நாட்டின் எல்கே முடிவும், 2010 இல் இணைய வேரில் (எல்லா டொமைன் முடிவுகளுக்குமான தலைமைப் பட்டியலில்) சேர்க்கப்பட்ட தமிழ் முடிவான இலங்கை என்பதும் எல்கே டொமைன் பதிவகத்தின் கீழ் வருகின்றன. அங்கே ஐகேனின் ரெஜிஸ்ட்ரார் ஒப்பந்த விதிகள் அல்ல, பதிவகத்தின் சொந்த விதிகளே நடக்கும். எல்கே வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய தேடல் பக்கத்தில் ஏற்கனவே பதிவான ஒரு பெயரைப் போட்டு, எந்தெந்த விவரம் வெளியே தெரிகிறது என்று பாருங்கள்.

வெளியிலிருந்து சோதியுங்கள்

பொத்தானைப் போட்ட ஓரிரு நாளுக்குப் பிறகு மறுபடி அதே தேடல் பக்கத்துக்குப் போங்கள். முந்தைய ஸ்கிரீன்ஷாட்டோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள்.

அங்கே உரிமையாளரைத் தொடர்புகொள்ள ஒரு மாற்று மின்னஞ்சலோ இணையப் படிவமோ இருக்கும். வேறொரு மின்னஞ்சலிலிருந்து அதற்கு ஒரு சோதனைக் கடிதம் போடுங்கள். உங்கள் பெட்டிக்கு வந்து சேர வேண்டும். தளத்தில் ஏதோ ஆபத்தான கோப்பு ஏறிவிட்டது என்று எச்சரிக்க நினைக்கும் ஒருவர் உங்களை அடையும் வழி அதுதான்.

வேறு வாசல்கள்

டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில், அதாவது அந்தப் பெயரைத் தளம் இருக்கும் இடத்தோடு இணைக்கும் குறிப்புகளில், எஸ்ஓஏ என்று ஒரு வரி உண்டு. அதில் பொறுப்பாளரின் மின்னஞ்சல், அட் குறிக்குப் பதிலாகப் புள்ளி போட்டு எழுதப்பட்டிருக்கும். சில ஹோஸ்டிங் சேவைகள் உங்கள் சொந்த மின்னஞ்சலை அங்கே போட்டுவிடுகின்றன. பிரைவசி இதைத் தொடுவதில்லை. இணையத்தில் கிடைக்கும் டிஎன்எஸ் தேடல் பக்கம் ஒன்றில் எஸ்ஓஏ என்று தேர்ந்து பாருங்கள், உங்கள் முகவரி இருந்தால் மாற்றித் தரும்படி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள்.

தளத்தின் தொடர்புப் பக்கத்தில் வீட்டு முகவரியை எழுதிவைத்துவிட்டுப் பதிவில் மறைப்பதில் பயன் இல்லை. பேஸ்புக் பக்கம், கூகுள் வரைபடம், வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். வியாபாரத்துக்கு வட்ஸ்அப் நம்பர் இல்லாமல் முடியாது, அதற்கென்று இரண்டாவது சிம் ஒன்றை வைத்துக்கொண்டு பதிவில் இருக்கும் நம்பரை வெளியே கொடுக்காமல் இருங்கள்.

ஏற்கனவே வெளியே போய்விட்டது என்றால்

பழைய ஹூஇஸ் பதிவுகளைச் சேகரித்து விற்கும் சேவைகள் இருக்கின்றன, டொமைன்டூல்ஸ் அவற்றில் ஒன்று. உங்கள் விவரங்கள் ஒரு நாள் திறந்திருந்தாலும் அது எங்கேயோ பதிவாகியிருக்கலாம். இன்றைக்குப் பிரைவசி போட்டால் இன்றிலிருந்துதான் மறையும். புதிதாக வாங்குபவர்கள் பணம் கட்டும் பக்கத்திலேயே பிரைவசி போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். பழையவர்கள் பதிவில் இருக்கும் போனையும் மின்னஞ்சலையும் புதியதாக மாற்றி, அதன் பிறகு மறைத்துக்கொள்ளலாம். பழைய நம்பருக்கு வரும் தொல்லை புதிய நம்பரைத் தேடி வராது.

தொல்லை என்றால் என்ன மாதிரி? தளம் செய்து தருகிறோம் என்று தொடங்கும் அழைப்புகள், டொமைன் காலாவதியாகப் போகிறது என்று வேறொரு நிறுவனம் அனுப்பும் போலி பில், உங்கள் பெயரை யாரோ சீனாவில் பதிவு செய்யப் பார்க்கிறார்கள், உடனே வாங்குங்கள் என்று பயமுறுத்தும் மின்னஞ்சல். இவற்றோடு உண்மையான கடிதங்களும் வரும். விவரம் சரியா என்று வருடம் ஒருமுறை ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டுவார். காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்த பிறகு ஐந்து நாட்களுக்குள்ளும் அறிவிப்பு வரும். எது உண்மை என்று சந்தேகம் வந்தால் கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே ரெஜிஸ்ட்ராரின் பக்கத்துக்குப் போய் உள்நுழைந்து பாருங்கள்.

ரெஜிஸ்ட்ரார் மாற்றும்போது பிரைவசி கூடவே போகாது. புதிய இடத்தில் மறுபடி போட வேண்டும், மறுபடி தேடிப் பார்க்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்த பெயரை 60 நாட்களுக்குள் வேறு இடத்துக்கு மாற்ற விடமாட்டார்கள். உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினாலும் பொதுவாக 60 நாள் பூட்டு விழும். ஆகவே மாற்றம் இரண்டும் தேவையென்றால் முதலில் ரெஜிஸ்ட்ராரை மாற்றிவிட்டு, பெயரைப் பிறகு திருத்துங்கள்.

எதற்கு உதவாது

பிரைவசி உங்களைப் பொதுமக்களிடமிருந்து மறைக்கிறது. ரெஜிஸ்ட்ராரிடமிருந்து மறைப்பதில்லை. நீதிமன்ற உத்தரவு வந்தாலோ, வணிகப் பெயர் தொடர்பான டொமைன் பிணக்கில் முறைப்பாடு பதிவானாலோ உங்கள் விவரம் வெளிப்படலாம். மறைந்த விவரத்தைக் காரணம் காட்டிக் கேட்பதற்கென்றே 2023 நவம்பரில் ஐகேன் ஒரு சேவையையும் தொடங்கியது. நேர்மையான தொழில் செய்பவருக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. எழுதுவதால் சட்டச் சிக்கல் வரலாம் என்று நினைப்பவர்கள் டொமைன் அமைப்பை நம்பியிருக்காமல் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

கோயில், பள்ளிவாசல், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம்

இவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் டொமைன்கள் அதிகமாகத் தொலைகின்றன. ஒரு செயலாளர் தன் வீட்டு முகவரியிலும் சொந்த மின்னஞ்சலிலும் பதிவு செய்வார். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும். புதியவர்களுக்கு டொமைன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, பிரைவசி போட்டிருப்பதால் தேடியும் பார்க்க முடியாது. காலாவதி திகதி கடந்து போகும். கொம் போன்ற பெயர்களுக்குக் கொஞ்ச நாள் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க விடுவார்கள், பிறகு 30 நாட்கள் கூடுதல் கட்டணத்தில் மீட்கலாம், அதற்குப் பிறகு ஐந்து நாளில் யாரும் வாங்கலாம் என்று திறந்துவிடும்.

சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, இரண்டு நிர்வாகிகளாவது உள்நுழையக்கூடியதாக வையுங்கள். நிறுவனக் கட்டத்தில் சங்கத்தின் பதிவுப் பெயரையும், முகவரியில் கட்டடத்தின் முகவரியையும் எழுதுங்கள். ரெஜிஸ்ட்ராரின் பெயர், உள்நுழையும் மின்னஞ்சல், காலாவதி திகதி ஆகிய மூன்றையும் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, கணக்குப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்படைக்கும் அதே நாளில் கடவுச்சொல்லையும் ஒப்படைத்து, புதியவர்கள் அங்கேயே அதை மாற்றட்டும்.